உம்மாவின் கிணறும் ஊரார் வாளிகளும்

என் பழைய கந்தோரில் இப்போது வேலை பார்க்கும் இளம் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் போன கிழமை வீட்டுக்கு வந்திருந்தார். நிலாவெளி றோட்டில் காணித்துண்டு ஒன்று விலைக்கு வருகிறதாம். வாங்கலாமா என்று கேட்க வந்தவர், வாங்குவதென்று ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஐயா, பஸ் வாசலுக்கு வருது. பள்ளிக்கூடம் கிட்ட. கரண்டும் வந்திட்டுது. பின்னேரத்தில நல்ல கடல் காத்து. இனி என்ன வேணும்?"

"தண்ணி?"

"நல்ல தண்ணியாம்."

"ஆர் சொன்னது?"

"காணிக்காரர்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காணி விற்பவர் சொல்லும் கடல் காற்றைக்கூட நான் நம்பமாட்டேன். அது எந்தக் கருவாட்டு வாடியைத் தாண்டி வருகிறது என்று பார்த்த பிறகுதான் மூச்சு இழுப்பேன். நிழல் நன்றாக இருக்கிறது என்றால், அந்த நிழலை விட்டுவிட்டு முந்தி இருந்தவர் ஏன் போனார் என்று யோசிப்பேன். என் மனைவி இதை ஒரு வருத்தம், மருந்தில்லாத நோய் என்கிறாள். இருக்கட்டும். சந்தேகப்படுவதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தந்தது. ஒன்றை மட்டும் பெருமையாகச் சொல்வேன்: சாதி சமயம் பார்த்து நான் யாரையும் சந்தேகித்ததில்லை. எல்லாரையும் ஒரே அளவாகச் சந்தேகித்தேன்.

வந்தவருக்கு நான் சொன்னது புதுக்காணிக் கிணற்றின் கதை. ஒரு ஊர் குடியிருக்கத் தக்கதா என்று கேட்கிறவர்கள் எல்லாருக்கும் சேர்த்து அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

களுத்துறையில் பயிற்சி முடித்து, சிங்களம் கொஞ்சம், கொசு கொஞ்சம், மலசலகூடம் நிறையப் படித்துக்கொண்டு திருகோணமலைக்கு வந்தவன் நான். முதலில் குச்சவெளிப் பக்கம் போட்டார்கள். சைக்கிளும் மணலும் சண்டை பிடித்த வருடங்கள் அவை. பிறகு பட்டினத்துக்கு வடக்கே இருந்த பகுதி என் கைக்கு வந்தது. அங்கேதான் எங்கள் வைத்திய அதிகாரியிடம் நான் தொழில் பழகினேன். பயிற்சியில் படித்ததை அவர் ஒன்றொன்றாக மறக்கச் செய்தார் என்பதுதான் சரி.

மெலிந்த மனிதர், யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை ட்ரில் காற்சட்டையில் மடிப்புக் கலையாமல் வருவார். ஒருவரைப் பாராட்டி நான் கேட்டதில்லை, திட்டியும் கேட்டதில்லை. அறிக்கையைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் வாசித்து முடிப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி லேஞ்சியால் துடைப்பார். துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "கண்டனீரோ, கேட்டனீரோ?" என்பார். அவ்வளவுதான். "கேட்டனான்" என்றால் தாளை என் பக்கமாகத் தள்ளிவிடுவார். "கண்டனான்" என்றால் உடனே நம்பிவிடுவார் என்று நினைக்க வேண்டாம். "எங்கை நிண்டு கண்டனீர்?" என்று அடுத்த கேள்வி வரும். எதிரே நின்று காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு பதில் சொன்ன அந்த நிமிடங்களுக்குப் பயந்தே நான் ஒழுங்கான பரிசோதகனானேன்.

புதுக்காணி என்பது உப்புவெளிக்கு அப்பால் இருந்த ஒரு தென்னங்காணி. உரிமைக்காரர் அதைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார். பட்டினத்துக்குள் வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல், அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர்மார், ஆசிரியர்கள், துறைமுகத்தில் வேலை பார்த்த தமிழரும் சிங்களவரும், பிள்ளைகளின் படிப்புக்காகக் கிண்ணியாவில் இருந்து வந்த குடும்பங்கள் என்று பலரும் வந்து குடியேறினார்கள். கிடுகு வேலி, இடையில் ஒடுங்கிய ஒழுங்கை, முன்னால் குரோட்டன்ஸ். சில வருடங்களில் ஒரு கூட்டுறவுக் கடையும் பஸ் நிற்கும் இடமும் வந்தன. ஞாயிறு பின்னேரங்களில் பட்டினத்தில் இருந்து ஆட்கள் சும்மா பார்க்க வருவார்கள். "அங்கை இருக்கிற ஆக்கள் குடுத்து வைச்சவை" என்று கதையும் பரவியது. அப்படிக் கதை பரவினால் எனக்கு உடனே நித்திரை கெட்டுவிடும்.

அந்த ஊரில் ஒரு குறை இருந்தது. எல்லா வளவிலும் கிணறு உண்டு. ஆனால் தண்ணீர் சவர். குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம். தேநீர் போட்டால் வாயில் வைக்க ஏலாது. மணல் மேடான ஒரே ஒரு வளவில்தான் நல்ல தண்ணீர் ஊறியது. அது சுலைஹா உம்மாவுடைய வளவு. மரம் விற்கும் மரக்காலை வைத்திருந்த அவருடைய கணவர் அந்தக் காணியை வாங்கி, கிணறு வெட்டி, கட்டும் கட்டிவிட்டுக் காலமானார். உம்மா தனியே இருந்தார். விடிந்தால் வேலிப் படலையைத் திறந்து, சாத்திக்கொள்ளாதபடி கல்லை அண்டக் கொடுத்துவிடுவார். பொழுதுபடும் வரையில் யாரும் வரலாம், அள்ளலாம், போகலாம். கேட்டுக்கொண்டு வரத் தேவையில்லை. புதுக்காணி குடியிருக்கத் தக்க ஊரானது பஸ்ஸால் அல்ல, அந்தப் படலையால்தான்.

ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் தங்கள் வாளியையும் கயிற்றையும் கொண்டுதான் வருவார்கள். கிணற்றடியில் உம்மாவின் கணவர் கட்டிவிட்ட வாளியை ஒருவரும் தொடவில்லை. சைவக்காரருக்கு மீன் கை பட்ட வாளி ஆகாது. முஸ்லிம் வீட்டாருக்கு நாய் வளர்க்கும் வீட்டார் தொட்ட வாளி ஆகாது. துறைமுக வேலைக்காரரின் மனைவிக்கு வெற்றிலைக் கை பிடிக்காது. எல்லாரும் நல்லவர்கள், ஒருவரோடு ஒருவர் சிரித்துக் கதைப்பவர்கள். வாளியை மட்டும் கலக்க மாட்டார்கள். "எங்கட வாளி சுத்தம்" என்பது எல்லா வீட்டிலும் ஒரே வசனம்.

ஒரு மாரி மழை முடிந்த கையோடு அங்கே நெருப்புக்காய்ச்சல், அதுதான் டைபாய்ட், வந்தது. பட்டினத்து ஆசுப்பத்திரியில் இருந்து அறிவித்தல் வரத் தொடங்கியது. முதலில் கிளாக்கர் வீட்டில், பிறகு கடைக்காரர் வீட்டில், பிறகு துறைமுக வேலைக்காரரின் சின்ன மகளுக்கு. அந்தப் பிள்ளை பல நாட்கள் உயிருக்கும் சாவுக்கும் இடையில் கிடந்தாள். ஐஸ்பழக்காரரைச் சந்தேகித்தேன். பால்காரரைச் சந்தேகித்தேன். இரண்டு பேரும் போகாத வீடுகளிலும் காய்ச்சல் இருந்தது. எல்லா வீட்டுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லிவிட்டு உம்மாவின் கிணற்றடிக்குப் போனேன்.

கிணற்று நீரில் மாதிரி எடுப்பது லேசான காரியம் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். கிருமி நீக்கிய கண்ணாடிப் போத்தலின் கழுத்தில் கயிறும், அடியில் பாரமும் கட்ட வேண்டும். கிணற்றுச் சுவரில் முட்டாமல் இறக்க வேண்டும். மேல் தண்ணீரில் மிதக்கும் தூசி புகாதபடி ஆழத்துக்குப் போன பிறகுதான் மூடி திறக்கும்படி இழுக்க வேண்டும். விரல் போத்தலின் வாயில் பட்டால் அது என் விரலின் பரிசோதனை, கிணற்றின் பரிசோதனை அல்ல. பிறகு மரத்தூளும் ஐஸ் கட்டியும் நிரப்பிய தகரப் பெட்டிக்குள் வைத்துக் கொழும்பு ஆய்வுகூடத்துக்கு ரயிலில் ஏற்றிவிட வேண்டும். ஐஸ் கட்டிக்கு மீன்காரரிடம்தான் போவேன். அவர் அதை மீனோடு வைத்திருந்தாரா என்று மணந்து பார்த்துத்தான் வாங்குவேன்.

பதில் வரும் வரைக்கும் சும்மா இருக்கவில்லை. உம்மாவின் மலசலகூடக் குழிக்குள் பச்சைச் சாயம் கரைத்து ஊற்றினேன். அடுத்த வளவுக் குழிகளிலும் ஊற்றினேன். தினமும் காலையில் கிணற்று நீரை வெள்ளைக் கோப்பையில் அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு துளி பச்சையும் வரவில்லை. மண்ணுக்குள்ளால் ஒன்றும் கசியவில்லை. அப்படியானால் அழுக்கு மேலால்தான் விழுந்திருக்க வேண்டும்.

டொக்டரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்தார்.

"கிணத்தடியில எவ்வளவு நேரம் இருந்து பார்த்தனீர்?"

"போய்ப் போய் வந்தனான் சேர்."

"போய் வந்தால் கிணறுதான் தெரியும். ஒரு காலமை முழுக்க இரும். ஆக்கள் தெரிவினம்."

உம்மா விறாந்தையில் கதிரை போட்டுத் தந்தார். இருந்து பார்த்தேன். அப்போதுதான் அந்த வாளிகள் எனக்குத் தெரிந்தன. அதற்கு முன் அவை கண்ணில் பட்டிருந்தும் நான் பார்த்ததில்லை. வீட்டில் உடுப்பு ஊறப்போட்ட வாளி, குசினியில் மீன் கழுவிய வாளி, பிள்ளையைக் குளிப்பாட்டிய வாளி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அதே கிணற்றுக்குள் இறங்கின. இறங்குவதற்கு முன் கால் கழுவும் கல்லில் வைக்கப்பட்டன. கயிறுகள் மண்ணில் இழுபட்டன. மற்றவருடைய அழுக்கு வேண்டாம் என்று ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டைத் தாங்களே கொண்டுவந்து எல்லாருடைய குடிதண்ணீரிலும் முக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

கொழும்பில் இருந்து பதில் வந்தது. தண்ணீர் குடிக்க உதவாது. அன்றைக்கே கிணற்றைப் பலகை போட்டு மூடினேன்.

மூடிய உடனே ஊர் வாய் திறந்தது. உம்மாவின் குழிதான் காரணம் என்றார்கள். சாயம் ஊற்றிப் பார்த்ததைச் சொன்னேன், யாரும் காதில் போடவில்லை. எல்லாரிலும் கூடச் சத்தம் போட்டவர் உம்மாவின் பக்கத்து வளவுக் கமலா ரீச்சர். புதுக்காணியில் மதிப்பான மனுஷி. கணவர் கொழும்பில் வேலை. மகள் சரோவுக்குப் பட்டினத்தில் ஒரு இடத்தில் கலியாணம் பேசி, ஏறக்குறைய முற்றாகி இருந்தது.

"இன்ஸ்பெக்டர், உந்தக் கிணத்தைத் தூத்து மூடுங்கோ. இனிமேல் அதைத் திறக்க விடக்கூடாது. பிள்ளையள் இருக்கிற இடம்" என்றார் ஒழுங்கையில் வைத்து, எல்லாரும் கேட்க.

படலைக்குள் நின்ற உம்மா அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குள் திரும்பினார். நான் உள்ளே போய்க் கேட்டேன்.

"உம்மா, உங்கட கிணத்தடிக்கு வாற ஆக்களில ஆருக்கும் மாரிக்குள்ள காய்ச்சல் இருந்ததோ? ஏதும் கண்டனீங்களோ?"

"எல்லாரும் நல்ல ஆக்கள்தான் தம்பி."

"நான் அதைக் கேக்கேல்லை."

"எனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

பதில் சொல்லாதவரைச் சந்தேகிப்பது என் தொழில். இந்த வீட்டுக்குள்ளேயே யாரோ வருத்தக்காரர் வந்து தங்கியிருக்க வேண்டும், கிண்ணியாவில் இருந்து உறவுக்காரர் யாராவது இருக்கலாம் என்று நினைத்தேன். அயலில் விசாரித்தேன். அப்படி ஒருவரும் வந்து தங்கவில்லை. ஆனாலும் உம்மா எதையோ மறைக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அதே நேரம் அளவுக்கு மேல் சத்தம் போடுகிறவரையும் நான் விடுவதில்லை. தண்ணீர் கொதிக்க வைக்கிறார்களா என்று பார்க்கும் சாட்டில் கமலா ரீச்சர் வீட்டுக்குப் போனேன். சரோ தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு நின்றாள். "இப்பத்தான் முழுகினவ" என்றார் ரீச்சர், நான் கேளாமலே. இரண்டு நாள் கழித்து வேறொரு நேரத்தில் போனேன். அப்போதும் துவாய். திரும்பி வரும்போது பின் வேலியைப் பார்த்தேன். தலை வாரினால் உதிர்ந்த மயிரைச் சுருட்டிக் கிடுகுக்குள் செருகி வைப்பது எங்கள் பெண்களின் வழக்கம். அந்த வேலியில் ஒன்றிரண்டு சுருள் அல்ல, குருவிக்கூடு போல மயிர் அடைந்து கிடந்தது. நெருப்புக்காய்ச்சல் வந்து மாறினால் தலைமயிர் அப்படித்தான் கொட்டும்.

டொக்டரிடம் ஓடினேன். "கண்டனீரோ, கேட்டனீரோ?" என்றார்.

"கண்டனான் சேர். வேலியில."

முதல் தடவையாகக் கண்ணாடியைத் துடைக்காமல் திரும்ப மாட்டிக்கொண்டார். தன் காரை ஒழுங்கைக்குள் கொண்டுபோகாமல் பஸ் நிற்கும் இடத்தில் விட்டுவிட்டு, என்னோடு நடந்து அந்த வீட்டுக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டுச் சரோவின் இரத்தம் எடுத்தார். ரீச்சர் கதிரையில் இருந்து அழுதார்.

"டொக்டர், ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஊருக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் அறிஞ்சால் எல்லாம் முடிஞ்சுது. தெரிஞ்ச வைத்தியரிட்டை மருந்து எடுத்து வீட்டிலையே பார்த்தனான். இவளின்ர சீலையளை அந்த வாளியிலதான் ஊறப்போட்டனான். ஆனால் சாம்பல் போட்டு மினுக்கித்தான் கிணத்தடிக்குக் கொண்டு போனனான். சத்தியமாய்ச் சுத்தமாய்த்தான் கொண்டு போனனான்."

"சாம்பல் வாளியை மினுக்கும் அம்மா. கிருமிக்கு ஒண்டும் செய்யாது" என்றார் டொக்டர். குரலில் கோபம் இல்லை. எனக்குக் கோபம் இருந்தது. அந்தச் சின்னப் பிள்ளை ஆசுப்பத்திரியில் கிடந்த கிடையை நான் நேரில் பார்த்தவன்.

பரிசோதனை எங்கள் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. சரோவுக்கு முறையான வைத்தியம் தொடங்கியது. நோயாளியின் பெயர் எங்கள் வாயில் இருந்து வெளியே போகக்கூடாது என்பது விதி. அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் மருந்தடித்தால் பெயரைச் சொன்னதாகிவிடும். "எல்லா வீட்டுக்கும் அடியும்" என்றார் டொக்டர். புதுக்காணி முழுக்க அடித்தோம். துறைமுக வேலைக்காரரின் மகளும் பிழைத்து வீட்டுக்கு வந்தாள். கிணற்றை இறைத்து, சுவரைத் தேய்த்து, குளோரின் போட்டு, மறுபடி இறைத்தோம். திரும்பவும் போத்தல், ஐஸ் கட்டி, ரயில். இந்த முறை தண்ணீர் நல்லதென்று வந்தது.

கிணற்றைத் திறக்க டொக்டர் ஒரு நிபந்தனை போட்டார். கப்பியும் சங்கிலியும் பூட்டி ஒரே ஒரு வாளி. யாரும் வீட்டு வாளி கொண்டுவரக்கூடாது. அள்ளி, தங்கள் குடத்தில் ஊற்றிக்கொண்டு போக வேண்டும்.

ஊரில் முணுமுணுப்புக் கிளம்பியது. பொது வாளி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உம்மாவின் வளவுத் தண்ணீர்தான் காய்ச்சலைக் கொண்டுவந்தது என்ற கதை அப்படியே நின்றது. அது பொய் என்று எனக்குத் தெரியும். பொய் என்று நிரூபிக்கப் பெயர் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல ஏலாது. என் உத்தியோகத்தில் எனக்கு வாய் கட்டப்பட்டிருந்தது அந்தக் கிழமையில்தான் அதிகம் உறுத்தியது. அதற்குள் உம்மா தன் ரங்குப் பெட்டியை விறாந்தைக்கு எடுத்துவிட்டார்.

"நாளைக்கு ஆக்கள் வந்தா இருப்பன் தம்பி. வராட்டி கிண்ணியாவுக்கு என்ட கூடப்பிறந்த தம்பியிட வீட்ட போறன். என்ட படலையைப் பார்த்து ஆக்கள் மூஞ்சியைத் திருப்புற ஊரில எனக்கு என்ன இருப்பு?"

அடுத்த நாள் காலை உம்மா படலையைத் திறந்து கல்லை அண்டக் கொடுத்தார். புது வாளி கப்பியில் தொங்கியது. ஒழுங்கையில் பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள். கிளாக்கரின் மனைவி நின்றார், துறைமுக வேலைக்காரரின் மனைவி நின்றார், கடைக்கார வீட்டாரும் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவரும் படலையைத் தாண்டவில்லை. உம்மா கிணற்றுக் கட்டில் கையை ஊன்றிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார். எனக்கு அந்த இடத்தில் நிற்கவே பொறுக்கவில்லை.

அப்போது கமலா ரீச்சர் வந்தார். ஒரு குடம் மட்டும் இடுப்பில். கூட்டத்தை விலக்கிக்கொண்டு படலைக்குள் நுழைந்து கிணற்றடிக்குப் போய் ஒழுங்கைப் பக்கம் திரும்பினார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"எல்லாரும் கேளுங்கோ" என்றார். "உம்மாவில பிழை இல்லை. இந்தக் காய்ச்சல் வந்தது எங்க…"

"ரீச்சர்!" உம்மா குறுக்கே விழுந்து கத்தினார். சங்கிலியை இழுத்து ரீச்சரின் கைக்குள் திணித்தார். "எங்க இருந்து வந்ததோ அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். உங்கட பிரசங்கத்தைப் பள்ளிக்கூடத்தில வைச்சுக்கொள்ளுங்க. தண்ணியை அள்ளுங்க, பின்னால எவ்வளவு ஆக்கள் நிக்கிறாங்க!"

ரீச்சர் உம்மாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு வாளியை இறக்கினார். அவசரமாக இழுத்ததில் பாதித் தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள் விழுந்தது. மீதியைக் குடத்தில் ஊற்றி, அங்கேயே கையில் ஏந்தி ஒரு மிடறு குடித்தார். அதைக் கண்ட பிறகு கிளாக்கரின் மனைவி படலையைத் தாண்டினார். மற்றவர்களும் வந்தார்கள். அந்த வாளி அன்று மத்தியானம் வரையில் ஓயவில்லை.

எல்லாரும் போன பிறகு உம்மாவிடம் போனேன்.

"உங்களுக்கு முந்தியே தெரியும், என்ன?"

"நடுவில கிடுகு வேலிதானே தம்பி, மதிலா? அந்தப் புள்ள ராவில முனகினது எனக்குக் கேக்காதா? சும்மா காய்ச்சல் எண்டுதான் நினைச்சன். நீங்க கிணத்தை மூடினாப் பிறகு, அவட தலையைக் கண்டுதான் விளங்கிச்சு."

"அப்ப நான் கேட்டனானே! ஏன் சொல்லேல்லை? அந்தச் சின்னப் பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தால்?"

"கிணத்தை மூடியாச்சு, தண்ணியைக் கொதிக்க வைக்கிறாங்க. இனிப் பேரைச் சொல்லி ஆரைக் காப்பாத்த? அந்தப் புள்ளையிட கலியாணம்தான் நிண்டுபோகும்."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சரோவுக்கு வைத்தியம் தாமதமாகியிருக்கும், நான் வேலியைப் பார்க்காமல் விட்டிருந்தால் காய்ச்சல் இன்னொரு வீட்டுக்கும் போயிருக்கும். அந்தப் பதில் இன்றைக்கும் சரியானதுதான். சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"சரி, அதை விடுங்கோ. ஊர் முழுக்க உங்களில பழி போட்டுது. பெட்டியையும் கட்டிப்போட்டீங்கள். உங்கட பேர் கெட்டது பரவாயில்லையோ?"

உம்மா விறாந்தையில் கிடந்த ரங்குப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றப் பக்கத்தைப் பிடிக்கும்படி எனக்குக் கண் காட்டினார். உள்ளே தூக்கிக்கொண்டு போகையில்தான் பதில் சொன்னார்.

"என்ட பேருக்கு என்ன தம்பி? எனக்கு இனிக் கலியாணமா பேசப் போறாங்க?"